ஐந்து காட்டினால் மூன்று

கிரேன்காரர் தன் முதலாளிக்குத் தர வேண்டிய கடன் நாற்பத்தேழாயிரத்து முந்நூற்று ஐம்பது. குடியிருந்த வீட்டை இடிக்கப் போகிறேன், காலி செய் என்று வீட்டுக்காரர் கழுத்தைப் பிடித்தபோது, புது வீட்டுக்கு முன்பணம் கட்ட வாங்கியது. முதலாளி முகம் சுளிக்காமல்தான் கொடுத்தார். உன் கையை நம்பித்தான் தருகிறேன் என்று சிரிக்கக்கூடச் செய்தார். ஒரே ஒரு பேச்சு வைத்தார். கடன் அடையும்வரை கிரேனை விட்டு இறங்கக் கூடாது, வேறு கிடங்கில் கூடுதலாகத் தருகிறேன் என்று கூப்பிட்டாலும் போகக் கூடாது. சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார்கள். கிரேன்காரர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். கை கால் நன்றாக இருக்கிறவனுக்கு இதில் என்ன கஷ்டம் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது.

அது இரும்புத் தகடும் கம்பிக்கட்டும் வந்து இறங்கிப் போகிற கிடங்கு. தகரக் கூரைக்குக் கீழே, சுவரோடு சுவராக இரண்டு தண்டவாளம். அதன்மேல் கிரேன் குறுக்கே உட்கார்ந்து முன்னும் பின்னும் ஓடும். கிரேனின் ஒரு மூலையில் ஒரு கூண்டு தொங்கும். ஏணியில் ஏறி அதற்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டால் அப்புறம் சாப்பாட்டு மணி அடித்தால்தான் இறக்கம். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. உட்கார்ந்தால் முழங்கால் முன்தகட்டில் முட்டும். வலது கை நெம்புகோலில் இருக்கும். கொக்கி எங்கே இறங்குகிறது என்று பார்க்க வேண்டுமானால் இடது பக்கத்து ஜன்னலில் முழங்கையை ஊன்றி, தலையை வெளியே நீட்டிக் குனிய வேண்டும். அந்த ஜன்னலின் விளிம்பு வெறும் இரும்புப் பட்டை. பதினோரு வருஷமாகக் கிரேன்காரரின் உடம்புப் பாரத்தில் பாதியை அந்தப் பட்டையும் அவருடைய இடது முழங்கையும்தான் தாங்கிக்கொண்டிருந்தன.

கீழே கொக்கி மாட்டுகிறவர் அவருடைய மச்சான், மனைவிக்கு அண்ணன். கிடங்கில் அவருக்குப் பேர் நூலு. தச்சர்களும் கொத்தனார்களும் ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து அதில் ஒன்றை ஒரு நூல் என்பார்களே, அதுதான். தகட்டை அடுக்கில் வைக்கும்போது இன்னும் ஒரு நூல், இன்னும் ஒரு நூல் என்று சுண்டு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இருப்பார் மனுஷன். அவர் கல்யாணத்துக்குப் பெண் பார்த்ததே ஒரு நூல் தள்ளித்தான் என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள்.

அந்தச் சத்தத்தில் வாயால் பேசி ஒன்றும் ஆகாது. எல்லாம் கையால்தான். கீழே நான்கு அடுக்குகள். மேலேயிருந்து கிரேன்காரர் எத்தனை விரல் காட்டுகிறாரோ அத்தனையாவது அடுக்குக்கு மச்சான் போய் நின்று, வருகிற சுமையைப் பிடித்து இறக்க வேண்டும். ஐந்து விரலையும் விரித்துக் காட்டினால் நில், எட்டிப் போ என்று அர்த்தம். இதை எவரும் உட்கார்ந்து எழுதி வைத்ததில்லை. வேலை செய்கிறவர்கள் செய்து செய்து ஆக்கிக்கொண்டது.

முதலில் தூங்கியது இடது கைச் சுண்டு விரல்தான். அதோடு மோதிர விரலில், சுண்டு விரலை ஒட்டிய பாதி. ஒரே விரலில் பாதிக்கு உணர்ச்சி இருக்கிறது, பாதிக்கு இல்லை என்று சொன்னால் எவன் நம்புவான் என்று கிரேன்காரர் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு கை முழுக்க எறும்பு ஊர்ந்தது. இடது கை என்றதும் அவர் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. நெஞ்சுதான், வேறொன்றுமில்லை என்று அவளே முடிவு கட்டி, கிடங்குக்குப் பக்கத்துச் சிறு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நெஞ்சில் ஒயர் ஒட்டி இ.சி.ஜி. வரைந்து பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். நெஞ்சு என்று ஒன்று இருந்தால்தானே மாப்பிள்ளைக்கு அதில் நோய் வரும் என்று மச்சான் சிரித்தார். அங்கே இருந்த டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, கைக்கு ஓய்வு கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த ஒரு வார்த்தைதான் எமனாக வந்தது.

கிடங்கில் கைக்கு ஓய்வு என்றால் ஒன்றே ஒன்றுதான். அடிபட்ட கையை மடக்கி, துண்டைக் கழுத்தில் மாட்டி அதில் தொங்கவிடுவது. மணிக்கட்டு பிசகினாலும் அதுதான், விரல் நசுங்கினாலும் அதுதான். கிரேன்காரரால் பகலில் அப்படித் தொங்கவிட்டு நடக்க முடியாது. முதலாளி பார்த்தால் கேள்வி வரும். கேள்வி வந்தால் கூண்டு போகும். கூண்டு போனால் தரை வேலை, பாதிச் சம்பளம். கடனோ இன்னும் அடையவில்லை. அதனால் பகலெல்லாம் கையைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த பிறகு ஓய்வு கொடுத்தார். மனைவி தன் பழைய பருத்திச் சேலையை நீளமாகக் கிழித்து வைத்திருந்தாள். படுக்கப் போகும் முன் கையை மடக்கி நெஞ்சோடு வைத்து, கழுத்தில் சுற்றி, தூக்கத்தில் அவிழாதபடி முதுகில் முடிச்சுப் போடுவாள். பிள்ளையைத் தூளியில் போடுகிறவள் மாதிரி அவ்வளவு பக்குவமாகப் போடுவாள். முழங்கையில் தைலம் ஊற்றி, எலும்புக்குப் பின்னால் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்ப்பாள்.

விடிந்தால் கை இன்னும் மோசமாக இருக்கும். அதனால் அடுத்த நாள் இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

மாதங்கள் போகப் போகக் கிரேன்காரர் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தார். சட்டைப் பொத்தானை இடது கை பிடிக்க மறுத்தது. சோப்பு நழுவியது. பூட்டில் சாவியை நுழைத்துத் திருப்பினால் கை பாதியில் நின்றுவிடும். ஒருநாள் முகம் கழுவும்போது பார்த்தார், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொழுகொழுவென்று இருந்த சதை உள்ளே போய்ப் பள்ளமாகிக் கிடந்தது. அவர் உடனே கையைத் துண்டால் மூடிக்கொண்டார், யாரோ கதவைத் திறந்துவிட்டது போல. இந்தக் கையோடு கூண்டில் உட்காரக் கூடாது என்று தெரிந்தது. இந்தக் கடனோடு கூண்டை விட்டு இறங்கவும் முடியாது என்றும் தெரிந்தது. ஏணியில் ஏறும்போது ஒவ்வொரு படியிலும் இந்த இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கூடவே ஏறின. மேலே போய்க் கதவைச் சாத்தினால் மூன்று பேருக்கும் சேர்த்து அந்தக் கூண்டு போதவில்லை.

அன்றைக்குத் தகட்டுக் கட்டு ஒன்று மூன்றாவது அடுக்குக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. ஒரு பக்கத்துக் கயிறு சற்று நழுவியது போல் கிரேன்காரர் கண்ணுக்குப் பட்டது. நிறுத்தினார். கீழே மச்சான் அடுத்து எங்கே நிற்க வேண்டும் என்று அண்ணாந்து பார்த்தார். கிரேன்காரர் ஜன்னலுக்கு வெளியே இடது கையை நீட்டி, எட்டிப் போ என்று ஐந்து விரலையும் விரித்தார்.

மச்சான் தலையை ஆட்டிவிட்டு நேராக மூன்றாவது அடுக்குக்குக் கீழே வந்து நின்றார்.

கிரேன்காரர் மறுபடியும் விரித்தார். மச்சான், சரி சரி, இங்கேதானே நிற்கிறேன் என்பது போலக் கையை அசைத்தார். கிரேனின் ஹாரனை அடித்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அது நாள் முழுக்க ஊளையிடுகிற கிரேன். கிரேன்காரர் வாய்விட்டுக் கத்தினார். தன் சத்தம் தன் காதுக்கே கேட்கவில்லை. கட்டு ஒரு பக்கம் சரிந்து, மேல்தகடு ஒன்று உருவிக்கொண்டு இறங்கியது. அது அடுக்கின் மூலையில் அடித்துத் திரும்பியதால் மச்சான் தலைக்கு வந்தது காலோடு போனது. கணுக்கால்.

கிரேன்காரர் ஏணியில் எப்படி இறங்கினார் என்று அவருக்குத் தெரியாது. ஓடி வந்து பார்த்தபோது மச்சானைச் சுவரோரம் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். பூட்ஸைக் கழற்ற முடியாமல் கால் வீங்கிக்கொண்டிருந்தது. வலியில் முகம் வெளுத்திருந்தாலும் அவருக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"மூணுன்னுதானே காட்டின மாப்பிள்ளை."

"அஞ்சு காட்டினேன் மச்சான். எட்டிப் போன்னு அஞ்சு காட்டினேன்."

"காட்டு. இப்பக் காட்டு."

கிரேன்காரர் இடது கையை நீட்டி, தன்னால் முடிந்த மட்டும் விரித்தார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் நிமிர்ந்தன. மற்ற இரண்டும் பாதி மடங்கியபடியே நின்றன, கூப்பிட்டும் எழுந்து வராத ஆட்கள் மாதிரி. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் முயன்றார். இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். கீழேயிருந்து பார்க்கிறவனுக்கு அது மூன்றுதான்.

மச்சான் கோபம் இறங்கிப்போய்விட்டது.

"எத்தனை நாளா இப்படி?"

கிரேன்காரர் கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மச்சானுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டு காய்வதற்கு முன்பே அவர் தங்கையைக் கூப்பிட்டு, உன் புருஷனை இந்தக் கட்டிடத்தை விட்டு வெளியே விடாதே, நரம்பு டாக்டர் எங்கே இருக்கிறார் என்று விசாரி என்று சொல்லிவிட்டார். நரம்பு டாக்டர் ஒரு நடுவயது அம்மா. அவர் நெஞ்சைப் பார்க்கவில்லை. ஒரு காகிதத்தைக் கொடுத்து, இரண்டு கையாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடிக்கச் சொல்லி இழுத்தார். வலது கைப் பக்கம் காகிதம் அசையவில்லை. இடது கைப் பக்கம் கட்டைவிரல் நுனி தானாக மடங்கி என்னவோ செய்து பார்த்தது, ஆனாலும் காகிதம் உருவிக்கொண்டு போய்விட்டது. முழங்கைக்குப் பின்னால் உள்பக்கம் விரலால் லேசாகத் தட்டினார். கிரேன்காரருக்குச் சுண்டு விரல்வரை மின்சாரம் ஓடியது. பிறகு வேறொரு அறையில் ஒயர் ஒட்டி, சின்னச் சின்னதாக ஷாக் கொடுத்து, நரம்பில் ஓட்டம் எங்கே தடைப்படுகிறது என்று பார்த்தார்கள். கழுத்தில் கோளாறில்லை, மணிக்கட்டிலும் இல்லை. முழங்கையில்தான்.

"சுவத்துல முழங்கை இடிச்சா சுர்ருன்னு அடிக்கும்ல, அதே நரம்புதான்" என்றார் டாக்டர். "எலும்புக்குப் பின்னால ஒரு சந்துக்குள்ள ஓடுது. கையை மடக்கினா சந்து இறுகும், நரம்பு இழுபடும். நீட்டினாத் தளரும். ராத்திரி கையை எப்படி வெச்சுப் படுப்பீங்க?"

கேட்டது கிரேன்காரரை. பதில் சொன்னது மனைவி. தான் எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று டாக்டருக்குத் தெரியட்டும் என்று, பையிலிருந்த சேலைத் துணியையே எடுத்து, புருஷன் கையை மடக்கி நெஞ்சில் வைத்துக் கட்டிக் காட்டினாள். ஒரு நாள் கூட விட்டதில்லை என்றாள். தைலம் போட்டு அந்த இடத்தை அழுத்தித் தேய்ப்பதையும் சொன்னாள்.

டாக்டர் முடிச்சைத் தானே அவிழ்த்தார். கையை மெல்ல நீட்டி மேஜைமேல் வைத்தார். இந்த நோய்க்கு ஓய்வு என்றால் இது, மடக்குவது இல்லை என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தாங்க முடிந்திருக்கும்.

"நானாங்க கட்டிக் கட்டிக் கெடுத்தேன்?" என்று அவள் டாக்டரைக் கேட்கவில்லை, புருஷனைக் கேட்டாள்.

நீ கட்டியது ராத்திரிக்கு, பகலெல்லாம் ஜன்னல் பட்டையில் ஊன்றியது நான்தானே என்று கிரேன்காரர் சொன்னார். கூர்முனையுள்ள இரும்பைக் கயிறு கட்டித் தூக்கும்போது முனையில் சாக்கை மடித்து வைக்காவிட்டால் கயிறு அந்த இடத்தில் நைந்துபோகும். ஒவ்வொரு நாளும் மச்சானை மேலேயிருந்து அதட்டி அதட்டிச் சாக்கு வைக்கச் சொன்னவர் அவர். தன் முழங்கைக்குக் கீழே ஒரு துணியை மடித்து வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அவள் அதைக் கேட்டுக்கொண்டாளே தவிர, அந்தத் துணியை மறுபடி பைக்குள் வைக்கவில்லை. அங்கிருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டாள்.

டாக்டர் மீதியைச் சொன்னார். முழங்கையை எதன்மேலும் ஊன்றக் கூடாது. அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. படுக்கும்போது கை மடங்காதபடி முழங்கையைச் சுற்றித் துண்டைத் தளர்வாகச் சுருட்டிக் கட்டிக்கொள்ள வேண்டும். போனைக் காதில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசக் கூடாது. நரம்பு சந்துக்குள் ஒட்டாமல் போய்வரச் சில அசைவுகள் சொல்லித் தருவார்கள். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் பலருக்கு இதுவே போதும். ஆனால் உங்களுக்குச் சதை வற்ற ஆரம்பித்துவிட்டது. சந்தின் கூரையைத் திறந்துவிட வேண்டும், தேவைப்பட்டால் நரம்பை முன்பக்கமாக நகர்த்தி வைக்க வேண்டும். ஆபரேஷன் செய்தாலும் நரம்பு தன் வேகத்தில்தான் பிழைத்து வரும், மாதக்கணக்காகும். போன சதை முழுசாகத் திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், இனிமேல் போகாமல் நிறுத்தலாம் என்றார். இங்கே செலவில்லை, வரிசையில் பேர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தாமதம் செய்யாதீர்கள், அந்த ஜன்னலுக்குத் திரும்பிப் போகவே போகாதீர்கள் என்று எழுந்து நின்று சொன்னார்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டனுப்பினார். அறையில் கணக்கரும் இருந்தார். முதலாளி நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னதும் கிரேன்காரர் நுனியில் உட்கார்ந்தார். அந்த அறையில் வேலைக்காரர்கள் உட்கார்ந்ததில்லை.

முதலாளி எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். கிரேன் ஓட்ட வேறு ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. சரக்கு தேங்குகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்க வேண்டாம், நல்ல தனியார் ஆஸ்பத்திரியில் உடனே கையை வெட்டித் தைத்துவிடலாம். பணம் அவரே தருவார். பழைய கடனுக்கு மேலே ஏற்றி எழுதிக்கொள்வார். தையல் பிரிந்ததும் கூண்டுக்கு வந்துவிட வேண்டும், ஜன்னலில் மெத்தை வைத்துத் தருவார். அவ்வளவு நல்லவராக அவரை யாரும் பார்த்ததில்லை. கடைசியில், போகிற போக்கில் சொல்வது போல ஒன்று சொன்னார்.

"விபத்து அறிக்கையில உன் கையைப் பத்தி ஒண்ணும் வர வேண்டாம். அவன் கவனிக்காமப் போய் நின்னான்னு நீ சொல்லிடு. அதான் எல்லாருக்கும் நல்லது."

எல்லோருக்கும் என்பதில் மச்சான் இல்லை என்று கிரேன்காரருக்குப் புரிந்தது. கவனிக்காமல் நின்றவனுக்குக் கால் ஆறும்வரை சம்பளம் கிடையாது. அதுதான் இந்தக் கிடங்கின் சட்டம்.

அவர் மடியில் கிடந்த இடது கையைப் பார்த்தார். வாங்கிய கடன் ஒரு சந்து. அதற்குள் அவராகத்தான் போனார். இப்போது அதைவிடக் குறுகலான ஒன்றுக்குள், குஷன் போட்டுக் கூப்பிடுகிறார்கள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டு வாடகை ஓடும், கை சீக்கிரம் பார்க்கப்படும். மச்சானுடைய முகத்தை மட்டும் வாழ்நாள் முழுக்க மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எழுந்து நின்றுகொண்டார்.

"அஞ்சு காட்ட வேண்டிய கை மூணு காட்டுச்சு. தப்பு என் கையில. மச்சான் சரியாத்தான் நின்னார். அப்படியே எழுதுங்க."

எழுதினால் நீ இனி கூண்டில் ஏற முடியாது என்றார் முதலாளி. தெரியும் என்றார் கிரேன்காரர். தரையிலும் உனக்கு வேலை இல்லை, ஒரு கைக்காரனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்றார். அதற்கும் கிரேன்காரர் சரி என்றார். அப்படியானால் கடனை வைத்துவிட்டுப் போ என்று முதலாளி குரல் மாறியது.

கணக்கர் அதுவரை வாயைத் திறக்காதவர். நல்லது செய்ய நினைத்துச் சொன்னாரோ, கணக்கு நிலுவையில் நிற்கக் கூடாதே என்று சொன்னாரோ தெரியாது. வேலையை விட்டுப் போகிறவனுக்குப் பதினோரு வருஷத்துச் சேவைப் பணம் கொடுத்தாக வேண்டும், அதில் கடன் பாக்கியைக் கழித்துக்கொள்ளலாம் என்றார். முதலாளி அவரை முறைத்தார். ஆனால் சட்டம் சட்டம்தான்.

கிரேன்காரர் அந்தப் பணத்தைப் பற்றி ஒரு காலத்தில் எவ்வளவோ நினைத்திருந்தார். மகளுக்கு என்றும், வயதான காலத்துக்கு என்றும், எங்கேயாவது சின்னதாக ஒரு கடை என்றும். கணக்கர் கூட்டினார், கழித்தார், இரண்டு முறை சரிபார்த்தார். இரண்டு மாத வாடகைக்குக் காணும் அளவுக்கு மீந்தது. அதைக் கையில் கொடுத்து, எழுத்து தெரியுமா, கைநாட்டா என்று கேட்டார். கிரேன்காரர் தன் பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்துக்கொண்டே மெதுவாக எழுதினார். வளர்ந்த பிறகு கற்றுக்கொண்ட எழுத்து, அவசரப்படாது.

வெளியே வந்தார். மனைவி வாசலில் நின்றிருந்தாள். கையை மடக்காதீங்க என்றாள் முதலில். அவர் நீட்டினார். இரண்டு விரல்களும் இன்னும் தூக்கத்தில்தான் இருந்தன. வேலை இல்லை, ஆஸ்பத்திரி வரிசையில் பேர் மட்டும் இருக்கிறது என்று அவளிடம் சொன்னார். கடன் என்று அவள் இழுத்தாள்.

"முடிஞ்சுது" என்றார்.